டோக்கியோ, ஜப்பான், ஓர் அடிபம்பு

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து "சாப்ட்டியா" என்று கடைசியாகக் கேட்டது பெண் பார்க்க வந்த அன்றைக்கு. அதுவும் பக்கத்தில் எங்கள் அம்மா நின்றிருந்ததால்.

டோக்கியோவை மூன்று வேளையும் கேட்கிறார்.

டோக்கியோ என்றால் ஊர் இல்லை, நாய். அதைக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் சூடான அல்வா மாதிரி இளகும். "சாப்ட்டியா கண்ணு? இன்னா துன்ன? மீன் துன்னியா?" நாய் பதில் சொல்லாது. அது என்ன தின்றது என்று அடுப்படியிலிருந்து நான்தான் சொல்ல வேண்டும். நான் என்ன தின்றேன் என்பது கேள்வித்தாளிலேயே கிடையாது.

போயும் போயும் ஒரு நாயைப் பார்த்தா பொறாமைப்படுகிறாய் என்பீர்கள். நீங்களும் படுவீர்கள். வெயிலில் படி சுடுமாம், அதனால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். அதே படியில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாயின் எடை ஒரு குடம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த இடுப்புக்கு ஆள் பார்த்து வலிக்கத் தெரிந்திருக்கிறது.

எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் தண்ணீர் விடியும் முன் வரும். வீட்டுக் குழாயில் இல்லை, தெருமுனை அடிபம்பில். அடித்துப் பிடித்து, இடுப்பில் பாப்பாவையும் தலையில் குடத்தையும் வைத்து மாடி ஏறுவேன். கிராமத்தில் கிணற்றில் இறைத்த கைதான். ஆனால் எங்கள் ஊர்க் கிணற்றுக்கு மாடிப்படி கிடையாது. நான் மூச்சிரைக்க உள்ளே நுழையும்போது அவரும் நாயும் ஒரே மின்விசிறிக்குக் கீழே, ஒரே மாதிரி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவர் பெயர் பாரி. எண்ணூர்த் துறைமுகத்தில் புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற வேலை. காருக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழங்கைதான் இடைவெளி இருக்கும். அதில் ஒரு கீறல் விழாமல் நிறுத்திவிட்டு, கதவை அரைவாசி திறந்து பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வருவார். நாளெல்லாம் இப்படி நெளிகிறவருக்கு வீட்டில் குனிய முடியாது.

எதிர்வீட்டு அலெக்ஸாண்டர் அண்ணனுக்கும் அதே துறைமுகம்தான். தொழிற்சாலையிலிருந்து கார்களை டிரெய்லரில் ஏற்றி வருவார். அவர் கொண்டு வருவதை இவர் கப்பலில் ஏற்றுவார். இரண்டு பேரும் ஒரே தட்டில் பிரியாணி தின்ற தோஸ்துகள். கார் கம்பெனி அதிகாரி ஒருவர் ஊர் மாற்றலாகிப் போகும்போது, தன் ஜப்பான் நாய் போட்ட குட்டிகளில் கடைசி இரண்டை இவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அன்றோடு தோஸ்து போச்சு.

ஷிபா என்று அந்த ஜாதிக்குப் பெயர். செம்பட்டை நிறம், கூர்மூக்கு, முதுகின் மேல் முறுக்கு மாதிரி சுருட்டிய வால். தெருவில் எல்லாரும் நரி என்றே நினைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் முதல் நாளே "டோக்கியோ" என்று பெயர் வைத்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் அலெக்ஸாண்டர் அண்ணன் தன் குட்டிக்கு "ஜப்பான்" என்று பெயர் வைத்தார்.

இவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"வேணும்னே பண்ணிக்கீறான்மே. டோக்கியோ எதுக்குள்ள கீது? ஜப்பானுக்குள்ளதானே கீது?"

உலகம் என்று மாற்றி வைத்துவிடுங்கள் என்றேன். முறைத்தார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஆண்கள் பேசாவிட்டால் என்ன, பம்பு இருக்கிறதே. அலெக்ஸாண்டர் அண்ணன் சம்சாரம் ஷைனியும் நானும் விடியற்காலையில் ஆளுக்கொரு கை போட்டு அடித்துக்கொண்டே பேசுவோம். அவள் ராயபுரத்துப் பெண், பேச்சில் பாதி சிரிப்பு. அவள் வீட்டுக்காரருக்கும் இடுப்புதான். டிரெய்லர் ஓட்டி ஓட்டித் தேய்ந்த இடுப்பாம். அவளும் என்னைப் போலவே மூன்று மாடி.

கோடை பிறந்தபோது ஒரு சேதி வந்தது. ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜப்பான் நாய்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி. நல்ல நாய்க்குக் கோப்பை. இரண்டு ஆண்களும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தார்கள். இரண்டு பேரும் அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது என்றார்கள். நாங்கள் உடனே பம்படியில் சொல்லிக்கொண்டோம்.

"கோப்பை வேணுமாம் செல்வி இவருக்கு," என்றாள் ஷைனி என்னிடம். "டீ குடிச்ச கோப்பையக் கழுவ மாட்டாரு."

எனக்குப் பம்புக் கைப்பிடியைப் பிடித்தபடியே ஒரு யோசனை வந்தது. கோப்பை வேண்டுமென்றால் நாய் பளபளக்க வேண்டும். பளபளக்கக் குளிக்க வேண்டும். குளிக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை யாராவது பிடிக்க வேண்டும்.

ஷைனியின் காதில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் குடம் பாதி சிந்தியது.

மறுநாள் விடியற்காலை. பம்பில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. நான் எழுந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் காலிக் குடத்தை மெதுவாக உருட்டினேன்.

"இன்னாமே, தூங்க வுடு."

"நீங்க தூங்குங்க மாமா. அலெக்ஸாண்டர் அண்ணன்தான் பாவம்."

ஒரு கண் திறந்தது. "அவனுக்கு இன்னா?"

"தெனம் விடியக்காலையில ஜப்பானுக்குக் குளியலாம். அவரே தண்ணி அடிச்சி, அவரே மேல தூக்கினு வந்து. பொம்பளைங்க புடிச்சா மஞ்சக்கை பட்டு நாய்முடி நெறம் மாறிடுமாம்."

இரண்டாவது கண்ணும் திறந்தது. "அவனுக்கு இடுப்பு வலின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சானே?"

"வலிக்குதுதானாம். கோப்பைக்காகத் தாங்கிக்கிறாராம். உங்களால முடியாது மாமா. படுங்க."

படுக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கீழே போனார். நான் சன்னலில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டுப் படியில் அலெக்ஸாண்டர் அண்ணனும் குடத்தோடு இறங்கினார். ஷைனி அதே பாட்டை அங்கே பாடியிருந்தாள். இருவரும் பம்படியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஓகோ, நிஜம்தான்' என்று இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது. பேசவில்லை. போட்டி போட்டு அடித்தார்கள். பம்பு அழுதது.

எங்கள் பொய் அரை மணி நேரம்தான் பொய்யாக இருந்தது. அதற்குப் பிறகு அது சத்தியம்.

நாய்க்கு இரண்டு குடம். மிச்சம் எல்லாம் வீட்டு டிரம்மில். நான் திருமணமாகி வந்ததிலிருந்து அந்த டிரம்மின் விளிம்பைத் தண்ணீர் தொட்டு அப்போதுதான் பார்த்தேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்க ஆரம்பித்தார், "அவன் இன்னைக்கு இன்னா பண்ணான்?" என்று. நான் வீட்டில் என்ன வேலை பாக்கியிருக்கிறது என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பேன். அதைச் சொல்வேன்.

தரையில் தூசு இருந்தால் நாயின் பாதம் கறுத்துவிடும் என்று அண்ணன் வீடு துடைக்கிறாராம் என்றேன். எங்கள் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரும். இவர் இரண்டு வேளையும் துடைத்தார். நாய்க்கு மீனை முள் எடுத்து ஊட்டுகிறாராம் என்றேன். இவர் உட்கார்ந்து முள் எடுத்தார். எடுத்தது எடுத்தாகிவிட்டது, பாப்பாவுக்கும் அப்படியே ஊட்டிவிட்டார். நாயும் குழந்தையும் ஒரே சோப்பு வாசனையில் இருந்தால்தான் நாய்க்கு மனசு அமைதியாக இருக்குமாம் என்று ஷைனி ஒன்று கண்டுபிடித்தாள். அவள் மூளைக்குத் தங்கக் காப்பு போடலாம். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அப்பாக்கள்.

இடையில் மீன்காரி கோவிந்தம்மா வேறு தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று, காசிமேட்டுக்குப் போகிற வழியில் தினமும் எங்கள் வாசலில் நின்று டோக்கியோவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஒருநாள் எங்கள் கதவு திறக்க நேரமாகிவிட்டது. அவள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் காலிக் கூடையோடு வந்து, "ஜப்பான் மூஞ்சில முழிச்சேன், வஞ்சிரம் வந்த வேகத்துல வித்துப்பூட்ச்சி நைனா," என்று இவரிடமே சொன்னாள். மறுநாளிலிருந்து குளியலுக்கு ஷாம்பு இரண்டு தடவை.

எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. வீடு பளபளத்தது, டிரம் நிறைந்தது, தூக்கம் கிடைத்தது. எல்லாம் எனக்காக இல்லையே. எல்லாம் அந்தச் சுருட்டை வாலுக்காக. அது குளித்து முடித்து, என் கல்யாணத்துக்கு வந்த துண்டில் துடைத்துக்கொண்டு, நான் தலை காயவைக்கிற மின்விசிறிக்கு நேரே ராணி மாதிரி உட்காரும். வீட்டில் வாசனை ஷாம்பு அதற்கு. எனக்குக் கரைந்துபோன சோப்புத் துண்டு. நான் கிளப்பிவிட்ட குளியலைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன். யாரிடம் போய்ச் சொல்ல?

கண்காட்சி நாள் வந்தது. மண்டபத்து வாசலில் முந்தின நாள் கல்யாணத்துப் பெயர்ப்பலகையைக்கூட எடுக்கவில்லை. உள்ளே குளிர்சாதனம். குளிர்தேசத்து நாய்கள் அல்லவா, வேர்க்கக் கூடாதாம். பெஞ்சு பெஞ்சாக நாய்கள். கரடிக்குட்டி போல அகிட்டா, பஞ்சுமூட்டை போல வெள்ளை ஸ்பிட்ஸ். வந்தவர்கள் மனிதர்களைப் பெயர் கேட்கவில்லை. "டோக்கியோவோட அம்மாவா நீங்க?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது?

மண்ணடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிற ஹுமாயூன் பாய் கையில் மைக். நடுவர் பூனாவிலிருந்து வந்த ஓர் அம்மா. நரைத்த கிராப், சிரிப்பே கிடையாது. அவர் இந்தியில் சொல்வதை ஹுமாயூன் பாய் தமிழில் சொல்வார்.

ஷிபாக்களை வரிசையில் நடக்கச் சொன்னார்கள். முன்னால் ஜப்பான். பின்னால் டோக்கியோ. எங்கள் வீட்டுக்காரர் கப்பலில் கார் நிறுத்துகிற மாதிரி, அலெக்ஸாண்டர் அண்ணனுக்குப் பின்னால் சரியாக ஒரு முழங்கை இடைவெளி விட்டு நடந்தார். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. இரண்டு பேர் முகத்திலும் கோப்பை இப்போதே வீட்டு அலமாரியில் இருந்தது.

நாய்களுக்கு அந்தப் பகை தெரியாதே. ஒரு வயிற்றுக் குட்டிகள். இத்தனை நாள் எதிரெதிர் மாடியில் நின்று வாசனை மட்டும் பிடித்தவை. பாதி வட்டத்தில் ஜப்பான் திரும்பிப் பார்த்தது. டோக்கியோ தாவியது. இரண்டும் கட்டிப் புரண்டு, எஜமானர்களின் கால்களைச் சுற்றிச் சுற்றி ஓடின. சங்கிலி இரண்டும் முறுக்கிக்கொண்டு, ஒருவர் மூக்கு ஒருவர் மூக்கில் இடிக்க, பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேரும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு நின்றார்கள். மண்டபமே சிரித்தது. நானும் ஷைனியும் சேர்ந்துதான் சிரித்தோம். அதுதான் எங்கள் கடைசிச் சிரிப்பு.

நடுவரம்மா வந்து குனிந்தார். டோக்கியோவின் முடியைக் கோதினார். ஜப்பானின் முடியைக் கோதினார். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். ஏதோ கேட்டார்.

"அம்மா கேக்கறாங்க," என்றார் ஹுமாயூன் பாய் மைக்கில், "நாயை எப்பெப்போ குளிப்பாட்டுவீங்க?"

"தெனமும்," என்றார் எங்கள் வீட்டுக்காரர், கட்டுண்டபடியே நெஞ்சை நிமிர்த்தி. "ஷாம்பு ரெண்டு தபா."

"நம்ம வூட்ல மூணு தபா," என்றார் அலெக்ஸாண்டர் அண்ணன்.

நடுவரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நீளமாகப் பேசினார். ஹுமாயூன் பாய் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "இது பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கிற நாய். எப்பவோ ஒருதபா குளிச்சாப் போதும். முடியில இருந்த எண்ணெய்ப் பசையெல்லாம் போயி ரெண்டும் தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சி. இது எந்தப் புத்திசாலி சொல்லிப் பண்ணீங்கன்னு அம்மா கேக்கறாங்க."

எங்கள் வீட்டுக்காரர் கையை நீட்டினார். நீட்ட இடமில்லாததால் அலெக்ஸாண்டர் அண்ணன் கன்னத்தைத் தொட்டார். "இவன் பண்றான்னு நானும் பண்ணேன்."

"நானா? நீ பண்றன்னுதான்டா நான் ஆரம்பிச்சேன். ஷைனி சொன்னா."

"எனக்கு செல்வி சொன்னா."

மைக் இன்னும் ஹுமாயூன் பாய் கையில்தான் இருந்தது. அதனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. இரண்டு தலையும் ஒரே கயிற்றில் கட்டின பொம்மை மாதிரி எங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பின. பாப்பாவுக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது. அதாவது, அந்த நிமிடத்தில் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஷைனி செருப்பைத் தேடிக்கொண்டு நாற்காலிக்கு அடியிலேயே போய்விட்டாள்.

கோப்பை, வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் நாய்க்குப் போனது. போன பொங்கலுக்குக் குளித்த நாயாம். எங்கள் இரண்டுக்கும் ஆறுதலாக ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்.

வந்தது தனித்தனி ஆட்டோவில். திரும்பினது ஒரே ஷேர் ஆட்டோவில். முன்னால் இரண்டு ஆண்கள், இரண்டு நாய்கள். பின்னால் நாங்கள், குழந்தைகளோடு. முன்பக்கம் மாமு, தோஸ்து என்று அன்பு வழிந்தது. கல்மண்டபம் தாண்டுவதற்குள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இரண்டு பேரும் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் சபதம் எடுத்தார்கள். நாளையிலிருந்து குடத்தைத் தொடுவதில்லை. துடைப்பம் தொடுவதில்லை. முள் எடுப்பதில்லை. எந்தப் பொண்டாட்டி என்ன சொன்னாலும் நம்புவதில்லை. கையில் அடித்துக்கொண்டார்கள்.

ஷைனி என் காதில் சொன்னாள், "போச்சுடி செல்வி. நாளைக்கு இன்னா பொய் சொன்னாலும் எடுபடாது."

"ஆமா," என்றேன். "அதனால உண்மையச் சொல்லிடலாம்."

அவள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள். நான் மெதுவாகச் சொன்னேன். அவள் பார்வை மாறியது.

மறுநாள் விடியற்காலை பம்பில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கைகாலைப் பரப்பி, நாட்டை ஜெயித்த ராஜா மாதிரி படுத்திருந்தார். நான் குடத்தை உருட்டவில்லை.

"இன்னாமே, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா? அவன் இன்னா பண்றான்? கப்பல் கழுவுறானா?"

"இல்ல மாமா. அலெக்ஸாண்டர் அண்ணன் தூங்குறாரு."

சிரிப்பு நின்றது.

"தூங்குறானா?"

"நல்லாத் தூங்குறாரு. எழுந்துக்கவே இல்ல. நீங்களும் நிம்மதியாத் தூங்குங்க."

திரும்பிப் படுத்துக்கொண்டேன். பின்னால் கோரைப்பாய் சரசரத்தது. புரண்டார். எழுந்து உட்கார்ந்தார். மறுபடி படுத்தார்.

"நீ எப்பவும் பொய்தானே சொல்லுவ?" என்றார் இருட்டில்.

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"அப்ப அவன் தூங்கல," என்றார், தனக்குத்தானே. "கலீஜ் பையன். நேத்து கையில அடிச்சிட்டு, இன்னைக்கு எனக்குத் தெரியாம... இரு. கையும் கொடமுமாப் புடிக்கிறேன்."

"வெறுங்கையோட போனா வேவு பாக்க வந்தீங்கன்னு சிரிப்பாரு மாமா," என்றேன், கண்ணைத் திறக்காமலே.

கொஞ்சம் யோசித்தார். குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சன்னலுக்குப் போனேன். எதிர்வீட்டுப் படியில் அலெக்ஸாண்டர் அண்ணன் பூனை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார், கையில் குடம். ஷைனியும் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருந்தாள்.

இருவரும் பம்படியில் சந்தித்தார்கள். இவர் அவர் குடத்தைப் பார்த்தார். அவர் இவர் குடத்தைப் பார்த்தார்.

"துரோகி," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நீ மட்டும் இன்னா, பம்ப மோந்து பாக்கவா வந்த?" என்றார் அண்ணன்.

அத்தோடு பேச்சு வார்த்தை மறுபடியும் நின்றது. கோபத்தில் இரண்டு பேரும் அடித்த அடியில் பம்பு முன்பைவிட வேகமாக ஊற்றியது. டோக்கியோ என் பக்கத்தில் வந்து சன்னலில் கால் வைத்து நின்று வேடிக்கை பார்த்தது. இனிமேல் அதற்குக் குளியல் கிடையாது, நடுவரம்மாவின் உத்தரவு. முதல் தடவையாக அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வாசனை ஷாம்பு இனி எனக்கு.

குடம் குடமாக வந்தது. டிரம் நிறைந்தது, அண்டா நிறைந்தது. கடைசியாக வந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேர்வை வழிய, வெற்றிப் புன்னகையோடு சொன்னார்:

"பாத்தியாமே? அவனைவிட நான் ஒரு கொடம் ஜாஸ்தி."

நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, காலிக் குடத்தை நீட்டினேன்.

"இல்ல மாமா, அண்ணன் இன்னொண்ணு தூக்கினு ஏறுறாரு."